ஸ்டீரோயிட் ஊசி விட்டு 5 மாசம், டெஸ்டோஸ்டெரோன் 148. இந்த ரிப்போர்ட்டை எப்படி வாசிக்கிறது?

கல்லடிப்பாலம் எழுதியது:

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஜிம் ஒண்டில பயிற்சி குடுக்கிறன். ஜிம்முக்கு வாற பொடியன் ஒருத்தன்ட ரிப்போர்ட் இது. அவன்ட சம்மதத்தோடதான் போடுறன், பேர் ஊர் கேக்க வேணாம்.

வயசு 27. ரெண்டு வருசத்தில மூணு சைக்கிள் (ஸ்டீரோயிட் போடுற சுற்று) அடிச்சிரிக்கான், ஒவ்வொண்டும் 12, 14 கிழமை. டெஸ்டோஸ்டெரோன் எனந்தேட், கூடவே டெக்கா எண்ட இன்னொரு ஸ்டீரோயிட் ஊசி. கடைசி ஊசி போட்டு 5 மாசம் ஆகிட்டு.

மொத்த டெஸ்டோஸ்டெரோன் 148 நானோகிராம்/டெசிலீற்றர்
எல்எச் 0.6, எஃப்எஸ்எச் 0.9 (விதைக்குக் கட்டளை குடுக்கிற ஹோமோன்கள்)
புரோலக்டின் 11
டிஎஸ்எச் (தைரொயிட் டெஸ்ட்) 1.8
ஹீமோகுளோபின் 17.6, பிசிவி (ரத்தத்தில சிவப்பணுட வீதம்) 53
எச்டிஎல் 24
ஏஎஸ்டி 88, ஏஎல்டி 71 (ஈரல் டெஸ்ட்)

எந்நேரமும் களைப்பு, ஆசை எண்டு ஒண்டு இல்ல, விடியக்காலையில வாற எழுச்சியும் நிண்டுபோச்சு. விதை ரெண்டும் சின்னனாப் போன மாதிரி இரிக்காம். வாற ஆவணியில கலியாணம். ஜிம்மில ரெண்டு பேர் "குளோமிட் குளிசை போடு, ஒரு மாசத்தில எல்லாம் திரும்பி வரும்" எண்டு சொல்லி ஆளைக் குழப்பி வெச்சிரிக்கானுகள்.

கேள்வி ரெண்டுதான். இது நிரந்தரமா? இப்ப என்ன செய்யணும்?


ஆய்வுகூடத்தான் எழுதியது:

தம்பி, பதில் சொல்ல முதல் நான் மூணு விசயம் கேக்கணும். இதுகள் தெரியாம 148 எண்ட நம்பரை வெச்சு ஆரும் ஒண்டும் சொல்ல ஏலாது.

முதலாவது, ரத்தம் எத்தின மணிக்கு எடுத்தது? டெஸ்டோஸ்டெரோன் காலையில உச்சத்தில இரிக்கும், பின்னேரத்தில இறங்கும். இளம் ஆக்களில அந்த இறக்கம் காலை அளவில கால்வாசி வரைக்கும் போகலாம். 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில, வெறும் வயித்தில, முந்தின ராவு வடிவா நித்திரை கொண்டிட்டு எடுக்கணும். அதையும் ரெண்டு வேற வேற நாளில. காய்ச்சல், ராவு வேலை, கலியாண வீட்டில விடியவிடிய முழிப்பு, இதெல்லாம் அளவைக் கீழ இழுக்கும். வேலை முடிஞ்சு வாற வழியில லாப்புக்குள்ள ஏறிக் கையை நீட்டுறதுதான் நம்மட ஆக்கள்ட வழக்கம்.

ரெண்டாவது, முடி கொட்டுது எண்டு பயோட்டின் விட்டமின் ஏதும் போடுறாரா? சைக்கிள் அடிக்கிற ஆக்களுக்கு முடி கொட்டும், உடனே பயோட்டின் போத்தல் வாங்குவாங்க. ஹோமோன் பாக்கிற மெசின்களில கனக்க, பயோட்டினும் ஸ்ட்ரெப்டவிடின் எண்ட புரதமும் ஒட்டிக்கொள்ளுற முறையிலதான் வேலை செய்யுது. ரத்தத்தில மேலதிக பயோட்டின் கிடந்தா எல்எச், எஃப்எஸ்எச், டிஎஸ்எச் பொய்யாக் குறைஞ்சு காட்டும். டெஸ்டோஸ்டெரோன் அதுக்கு எதிர்மாறா, பொய்யாக் கூடிக் காட்டும். ஒரே போத்தல் ஒரே ரிப்போர்ட்டில ரெண்டு பக்கமும் பிழை விடும். 3 நாள் முதலே நிப்பாட்டிட்டு வந்தாத்தான் நம்பரை நம்பலாம்.

மூணாவதுதான் முக்கியம். ஊசி நிண்டது சரி, குளிசை நிண்டதா?

ஏன் கேக்கிறன் எண்டா, இது 5 மாசம் மருந்து தொடாத ஆள்ட ரத்தம் மாதிரித் தெரியல்ல. சிவப்பணு ஒண்டுக்கு ஆயுள் கிட்டத்தட்ட 120 நாள். ஊசி விட்டு 5 மாசத்தில, மருந்து தள்ளின தள்ளில உண்டான அணுக்கள் எல்லாம் செத்து முடிஞ்சிரிக்கணும். அதோட டெஸ்டோஸ்டெரோன் மாசக்கணக்கா 148இல கிடந்தா ஹீமோகுளோபின் மெல்ல இறங்கி, லேசான ரத்தச் சோகைப் பக்கம்தான் போகும். 17.6உம் 148உம் ஒரே ஆளில பொருந்தாது. எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரோல்) 24 எண்டது அதை விட வெளிச்சமான தடயம். டெஸ்டோஸ்டெரோன் ஊசி எச்டிஎல்லைக் கொஞ்சம்தான் குறைக்கும். போட்டு மிதிக்கிறது 17-அல்ஃபா அல்கைல் குளிசைகள்: ஸ்டனசொலோல், மெத்தன்டியெனோன், ஒக்ஸிமெதொலோன். நிப்பாட்டின பிறகு அது திரும்ப வரக் கிழமைக்கணக்கிலயிருந்து சில மாசம் ஆகும்.

ஏஎஸ்டி, ஏஎல்டி ரெண்டையும் பாத்துப் பயப்பட வேணாம். ரெண்டும் தசையிலயிருந்தும் வரும். முந்தின நாள் ஸ்குவட் பாரமா அடிச்சிட்டு வந்தா இப்படித்தான் காட்டும், ஏஎஸ்டி கூட நிக்கிறதும் அந்தப் பக்கம்தான் கை காட்டுது. ஈரலா தசையா எண்டு பிரிச்சறிய ஈரலுக்கு ஜிஜிடி, பிலிருபின், தசைக்கு சிகே, மூணும் கேளுங்க. 4 நாள் பாரம் தூக்காம வரச் சொல்லுங்க. பிசிவிக்கும் ஒரு எச்சரிக்கை: நம்மட வெயிலில வேர்த்து, தண்ணி குடியாம வந்தா ரத்தம் தடிச்சு 2, 3 புள்ளி கூடிக் காட்டும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

அண்ணன், நீங்க பக்கத்தில நிண்டு பாத்த மாதிரிச் சொல்லுறீங்க. கேட்டன். ரத்தம் எடுத்தது பின்னேரம் 4.30. பயோட்டின் 10 மில்லிகிராம், ஒவ்வொரு நாளும். ஊசி விட்ட பிறகு "உடம்பு வத்தாம இரிக்க" ஸ்டனசொலோல் குளிசை போட்டிரிக்கான். ரத்தம் எடுக்க 7 கிழமைக்கு முதல்தான் அது முடிஞ்சது. ஊசிதான் ஸ்டீரோயிட், குளிசை அந்தக் கணக்கில சேராது எண்டு நினைச்சானாம்.


வாவிக்கரை எழுதியது:

அப்படியென்றால் கணக்கு 5 மாதம் அல்ல, 7 கிழமை. மூளையைப் பொறுத்தவரை ஊசியும் குளிசையும் ஒன்றுதான். கடைசியாக உடம்புக்குள் போன அன்ட்ரோஜன் (ஆண் ஹோமோன் வகை மருந்து) எதுவோ, அது வெளியேறிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குளோமிட் கதை விளங்காது. மூளையின் அடியில் உள்ள பரிவகக்கீழ் ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை ஜிஎன்ஆர்எச் என்ற ஹோமோனைத் துடிப்பாக விடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டுக் கபச்சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் அனுப்புகிறது. எல்எச் விதையில் உள்ள லெய்டிக் கலங்களைத் தட்டி டெஸ்டோஸ்டெரோன் செய்விக்கிறது. எஃப்எஸ்எச் செர்டோலிக் கலங்களைப் பார்த்துக்கொள்கிறது, விந்தணு வளர்வது அவற்றின் மடியில். வெளியிலிருந்து அன்ட்ரோஜன் வந்தால், "இங்கே தாராளமாக இருக்கிறது" என்று பரிவகக்கீழ் துடிப்பை நிறுத்திவிடும். டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரடயோலாக (ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோமோனின் ஒரு வகை) மாறுவதும் அதே பூட்டை இன்னும் இறுக்கும். சில கிழமைகளில் எல்எச் அளவிட முடியாத அளவுக்கு விழுந்துவிடும்.

இங்கேதான் பலருக்கு ஒரு குழப்பம்: "ரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் நிறைய இருக்கும்போது விந்தணு ஏன் குறைய வேண்டும்?" விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டெரோன் ரத்தத்தில் இருப்பதைப் போல் பல பத்து மடங்கு. எத்தனை ஊசி போட்டாலும் வெளியிலிருந்து அந்த அளவை விதைக்குள் கொண்டுபோக முடியாது. எல்எச் தட்டினால்தான் அது உண்டாகும். எல்எச் இல்லையென்றால் ரத்தத்தில் வெள்ளம், விதைக்குள் வறட்சி. விதையின் கனவளவில் பெரும்பகுதி விந்தணுக் குழாய்கள்தான். அவை ஓய்ந்தால் விதை சுருங்கி மெத்தென்று ஆகும். கிளினிக்கில் வைத்தியர் ஒரு மணிமாலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். 1 முதல் 25 மில்லிலீற்றர் வரை 12 மணிகள். வளர்ந்த ஆணுக்கு 15க்கு மேல் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் பார்க்க விடச் சொல்லுங்கள், அந்த ஒரு அளவு இரண்டு ரத்தப் பரிசோதனைக்குச் சமம்.

இனி ரிப்போர்ட். டெஸ்டோஸ்டெரோன் குறைவு, எல்எச் எஃப்எஸ்எச்சும் குறைவு: மேலே இருக்கும் அதிகாரி தூங்குகிறார், தொழிற்சாலை கட்டளை வராமல் சும்மா கிடக்கிறது. டெஸ்டோஸ்டெரோன் குறைவு, ஆனால் எல்எச் எஃப்எஸ்எச் உயர்வு என்று வந்திருந்தால் கதை வேறு. மேலிருந்து கத்துகிறார்கள், விதை கேட்கவில்லை, அதாவது விதையே பழுது. உங்கள் பையனுக்கு முதலாவது வகை. பயோட்டின் எல்எச்சைப் பொய்யாகக் குறைத்திருக்கவும் கூடும், ஆகவே 0.6 என்பதை இப்போதைக்கு அரை நம்பிக்கையோடு வைத்துக்கொள்வோம்.

ஸ்டனசொலோலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஈரல் செய்யும் எஸ்எச்பிஜி என்ற காவிப் புரதத்தை அது வெகுவாகக் குறைத்துவிடும். காவி குறைந்தால் மொத்த டெஸ்டோஸ்டெரோனும் குறைந்துதான் தெரியும், சுயாதீனமாக உலவும் பங்கு அவ்வளவு மோசமாக இல்லாதபோதும். எனவே மறுபடி எடுக்கும்போது எஸ்எச்பிஜி, அல்புமின் இரண்டும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நிரந்தரமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இப்போது சொல்ல முடியாது என்பதே. ஆண்களுக்கான கருத்தடை ஆய்வுகளில் டெஸ்டோஸ்டெரோன் கொடுத்து நிறுத்தியவர்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2006இல் வெளியிட்டார்கள். விந்தணு ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லியனுக்குத் திரும்பியவர்கள் 6 மாதத்தில் 67 வீதம், 12 மாதத்தில் 90 வீதம், 24 மாதத்தில் எல்லோரும். ஆனால் அவை கட்டுப்பாடான அளவு, ஒரே மருந்து. ஜிம்மில் நடப்பது பல மடங்கு, பல மருந்து, திரும்பத் திரும்ப. டென்மார்க்கில் 2016இல் வந்த ஆய்வு ஒன்றில், சராசரியாக இரண்டரை வருடங்களுக்கு முன்பே விட்டவர்களிலும் கால்வாசிக்கு மேற்பட்டோரின் டெஸ்டோஸ்டெரோன் சாதாரண அளவுக்குக் கீழேதான் இருந்தது, விதையும் சிறியதாகவே இருந்தது. எவ்வளவு காலம் பாவித்தார், எவ்வளவு, எந்த வயதில் தொடங்கினார், இடைவெளி விட்டாரா என்பதில்தான் வித்தியாசம். "சைக்கிளுக்கு நடுவில் 8 கிழமை விட்டேன்" என்பார்கள். பூட்டுத் திறக்கவே அது போதாது, திறக்க முதல் அடுத்த பூட்டு.

சுத்தமாக விட்டு ஒரு வருடம் கழிந்தும் எல்எச் எழும்பவில்லையென்றால் ஸ்டீரோயிட்டின் மேல் மட்டும் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது. கபச்சுரப்பி எம்ஆர்ஐ, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு) பார்க்க வேண்டும். பொதுவாக 150க்குக் கீழே டெஸ்டோஸ்டெரோனும் குறைந்த எல்எச்சும் சேர்ந்து வந்தாலே எம்ஆர்ஐ யோசிப்பது வழக்கம். இங்கே காரணம் கண்முன்னே இருக்கிறது, புரோலக்டினும் சரி. தலையிடி, பக்கப் பார்வை குறைவு ஏதும் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.


நிந்தவூரான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பாமசிக்காரன். டொக்டர் நானா விட்ட இடத்தில இரிந்து குளோமிட் கதைக்கு வாறன், ஏனெண்டா கவுண்டருக்கு முன்னால கூட வாற கேள்வி அதுதான்.

குளோமிட் எண்டது குளோமிஃபீன். அது என்ன செய்யுது எண்டா, பரிவகக்கீழ்ல ஈஸ்ட்ரஜன் உட்காருற கதிரையில போய்த் தான் உட்காந்துகொள்ளும். "ஈஸ்ட்ரஜன் இல்ல போல" எண்டு மூளை ஏமாந்து எல்எச் விடும். நல்ல உபாயம்தான். ஆனா ஊசிட எச்சம் ரத்தத்தில கிடக்கும்போது போட்டா வீண். அன்ட்ரோஜன் தனி வழியாலயும் மூளையைப் பூட்டுது, அந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி பொருந்தாது. எனந்தேட் பாதியாகக் குறைய 4, 5 நாள். டெக்கா தசையில எண்ணெயா ஊறிக் கிடந்து வாறதால 6 நாளிலயிருந்து 12 நாள். அஞ்சு பாதி கழிஞ்சாத்தான் போயிட்டெண்டு எடுக்கலாம், அதாவது டெக்காவுக்கு ஒண்டு ரெண்டு மாசம். ஸஸ்டனோன் 250 எண்டா ஒரே மருந்து எண்டு நினைக்கிறாங்க. அதுக்குள்ள டெஸ்டோஸ்டெரோன்ட நாலு எஸ்டர் (வேற வேற வேகத்தில போற வடிவம்) இரிக்கி, 30, 60, 60, 100 மில்லிகிராம் எண்டு, கடைசி 100 தான் ஆறுதலாப் போறது.

மறுகா, குளோமிஃபீன் போட்டுக்கொண்டு ரத்தம் எடுத்து "பாருங்க 600" எண்டு சந்தோசப்படுறது. அது மருந்துட 600, ஆள்ட 600 இல்ல. அந்த மருந்துக்குள்ள இரிக்கிற ஒரு பகுதி கிழமைக்கணக்கில உடம்பில தங்கும். நிப்பாட்டிக் குறைஞ்சது ஒரு மாசம் ஒண்டரை மாசம் கழிச்சு எடுக்கிற நம்பர்தான் உண்மை. கண் மங்கினா, மின்னல் மாதிரித் தெரிஞ்சா அண்டைக்கே நிப்பாட்டணும். ரத்தக் கட்டி வாற ஆபத்தும் இரிக்கி, பிசிவி 53இல நிக்கிற ஆளுக்கு அது விளையாட்டில்ல. டோஸ் நான் இங்க எழுத மாட்டன், கேக்கவும் வேணாம். ஹோமோன் நிபுணர் ரிப்போர்ட்டைப் பாத்து எழுதுற சாமான் அது.

எச்சிஜி ஊசியப் பத்தியும் கேப்பாங்க. அது எல்எச்ட வேசம் போட்டு விதையை நேரடியாத் தட்டும். விதை முழிக்கும், மூளை இன்னும் நல்லாத் தூங்கும். நிபுணர் குடுக்கிறது கணக்கோட, குழந்தை வேணும் எண்ட தேவைக்கு. சும்மா போட்டா ஈஸ்ட்ரடயோல் கூடி மார்பு வளரும்.

எல்லாத்துக்கும் மேல பயப்பட வேண்டிய பொறி ஒண்டு இரிக்கி. 148ஐப் பாத்திட்டு ஆராவது "குறைவுதானே, டெஸ்டோஸ்டெரோனே எழுதுறன்" எண்டு நிரந்தரமா ஊசிக்குப் போட்டா, பொடியன் சில கிழமையில நல்லா இரிப்பான், விந்தணு பூச்சியத்தில நிக்கும். கலியாணம் செய்யப்போற ஆளுக்கு அது குடும்பக்கட்டுப்பாடு. குழந்தை வேணும் எண்டதை டொக்டர்ட முதல் வசனமாச் சொல்லச் சொல்லுங்க.

நெருஞ்சில் குளிசை, அதுக்கெண்டு வாற பவுடர்கள்: டெஸ்டோஸ்டெரோனக் கூட்டுது எண்டு சரியா நடத்தின பரிசோதனைகளில காட்டல்ல. காசு மிச்சம்.

நோன்பு மாசத்தில இந்த டெஸ்ட் எடுக்க வேணாம் எண்டும் சொல்லி வெக்கிறன். தராவீஹ் தொழுகை, சஹர் சாப்பாடு எண்டு நித்திரை ரெண்டு துண்டாப் போகும், தண்ணியும் குறையும். டெஸ்டோஸ்டெரோன் கீழ, பிசிவி மேல. பெருநாள் கழிஞ்சு ரெண்டு கிழமை விட்டு எடுத்தாப் போதும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

நானாவுக்கும் டொக்டருக்கும் நன்றி. குளோமிட் வாங்கல்ல, வாங்கவும் விட மாட்டன். இன்னும் ரெண்டு விசயம். இடப்பக்கம் முலைக்கு அடியில ஒரு சதம் காசு மாதிரிக் கட்டி, சட்டை உரசினா நோகுதாம். மற்றது விந்துப் பரிசோதனை இப்பவே எடுக்கிறதா, பிறகா? ஆளுக்கு வீடு திருக்கோவில் பக்கம், லாப்புக்குத் தூரம்.


வாவிக்கரை எழுதியது:

முலைக்கு நேர் அடியில், நடுவில் நிற்கும், ரப்பர் போன்ற தட்டு, நோகிறது: அது கொழுப்பல்ல, சுரப்பித் திசு. டெஸ்டோஸ்டெரோன் ஈஸ்ட்ரடயோலாக மாறியதன் விளைவு. ஊசி காலத்தில் ஈஸ்ட்ரஜன் ஏறும், விட்ட பிறகு டெஸ்டோஸ்டெரோன் மட்டும் சடுதியாக விழும், அந்த இடைவெளியிலும் இது வளரும். நோவு இருக்கிறதென்றால் இன்னும் புதிது, மருந்துக்கு அசையக்கூடிய காலம். ஒரு வருடம் போய்விட்டால் உள்ளே நாராகிவிடும், பிறகு மருந்து வேலை செய்யாது, சத்திரசிகிச்சைதான். ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். நடுவை விட்டு ஒரு பக்கமாக இருந்தால், கல்போல் இறுகியிருந்தால், முலையிலிருந்து ரத்தம் கசிந்தால் அது வேறு விசாரணை. விதையில் கட்டி இருக்கிறதா என்றும் அன்றைக்கே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், விதைக் கட்டி சிலவும் மார்பைத்தான் முதலில் வீங்க வைக்கும்.

கட்டியை அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எல்லோரும் நாளுக்கு இருபது தடவை அதைத்தான் செய்கிறார்கள்.


ஆய்வுகூடத்தான் எழுதியது:

விந்துப் பரிசோதனை இப்பவே ஒண்டு எடுக்கட்டும், அடிக்கல் மாதிரி. 2 நாளுக்குக் குறையாம, 7 நாளுக்குக் கூடாம விலகி இரிந்திட்டு எடுக்கணும். லாப் குடுக்கிற போத்தலிலதான். ஆணுறை, சவர்க்காரம், எண்ணெய், எச்சில் ஒண்டும் படக்கூடாது. முதல் துளி சிந்தினா மறைக்காமச் சொல்லணும், அதிலதான் விந்தணு கூட.

தூரம்தான் பிரச்சினை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள மேசைக்கு வரணும். திருக்கோவிலில இரிந்து மட்டக்களப்புக்கு வாறது எண்டா அது நடவாத காரியம், அக்கரைப்பற்று கல்முனைப் பக்கம் பாருங்க, இல்லாட்டி லாப்பிலயே அறை கேளுங்க. கொண்டுவாறதெண்டா போத்தல் உடம்புச் சூட்டில இரிக்கணும்: சட்டைக்குள்ள, கக்கத்தோட. மோட்டச்சைக்கிள் சீற்றுக்கடியில வெச்சுக் கொண்டுவந்து தாறாங்க, நம்மட வெயிலில அது அவிஞ்சு போகும். ஐஸ்ல வெச்சுக் கொண்டாறவங்களும் இரிக்காங்க. ரெண்டிலயும் அசைவு செத்துப்போகும், பிறகு ரிப்போர்ட்டைப் பாத்துக் குடும்பமே அழும்.

2021 உலக சுகாதார நிறுவனக் கைநூல்படி கீழ் எல்லை: கனவளவு 1.4 மில்லிலீற்றர், செறிவு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், அசைவு 42 வீதம். ஒண்டு குறைஞ்சதும் மலடு எண்டு அர்த்தமில்ல. ஒரே ஆளில ஒவ்வொரு தரமும் அளவு ஏறி இறங்கும்.


தாழங்குடாத்_தாதி எழுதியது:

ஜிம் மாஸ்டர் எண்டபடியா உங்களிட்டத்தான் இதைச் சொல்லணும் தம்பி. 18 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் கேட்டா, விதையை விட முதல் எலும்பைச் சொல்லுங்க. டெஸ்டோஸ்டெரோன் ஈஸ்ட்ரஜனா மாறி எலும்பு நுனியில இரிக்கிற வளர்ச்சித் தட்டை மூடும். மூடினது திறக்காது. உயரம் அந்த இடத்தோட நிண்டிரும். சந்தேகம் வந்தா இடக்கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பாப்பாங்க.

பெண்பிள்ளைகளுக்கு வேற. முகமுடி, பருக்கள், மாசத்தீட்டு நிக்கிறது இதுகள் விட்டாப் பெரும்பாலும் குறையும். குரல் தடிச்சா தடிச்சதுதான், திரும்பாது. தொண்டை கரகரக்குது, பாட்டில மேல் சுரம் எட்டல்ல எண்டு சொல்லுறதுதான் முதல் அடையாளம். அண்டைக்கே நிப்பாட்டணும்.

இன்னொண்டு, ஊருக்குள்ள பேர்க் குழப்பம். பிள்ளைக்கு இழுப்புக்குக் குடுக்கிற பிரெட்னிசொலோனும் ஸ்டீரோயிட், இதுவும் ஸ்டீரோயிட். குடும்பம் ஒண்டு, வேலை வேற. ஜிம் கதையைக் கேட்டுப் பயந்து இழுப்பு மருந்தை நிப்பாட்ட வேணாம். அதே நேரம் "உடம்பு வெக்கிற குளிசை" எண்டு பேரில்லாத உறையில வாறதுகளுக்குள்ள டெக்ஸமெத்தசோன் இரிக்கலாம். முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிஞ்சு வரும். மூணு கிழமைக்கு மேல போட்டிட்டுத் திடீரெண்டு விட்டா, சிறுநீரகத்துக்கு மேல இரிக்கிற அதிரினல் சுரப்பி தூங்கினபடியா ஆள் சுருண்டு விழும்: சத்தி, பிரசர் இறக்கம், சீனி இறக்கம். அது அவசரம், 1990 அம்புலன்சுக்கு அடிங்க. உறையைக் கையில கொண்டு வாங்க, வெறும் உறை எண்டாலும் பரவாயில்ல. டெக்ஸமெத்தசோன் கோட்டிசோல் டெஸ்டில தெரியாது, பிரெட்னிசொலோன் பொய்யாக் கூட்டிக் காட்டும். என்ன குளிசை எண்டு தெரியாட்டி ரிப்போர்ட்டை வாசிக்கிறது கஷ்டம்.

ஊசியை எண்ணெய்க் குப்பியோட நாலு பேர் பங்குபோட்டவனுகள் எண்டா ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூணும் பாக்கணும். பிசிவி கூட எண்டு இரத்ததான முகாமுக்குப் போய்க் குறைச்சிட்டு வாறதும் நடக்குது. தானா ஊசி போட்ட ஆள் தானம் குடுக்கக் கூடாது. 54ஐத் தாண்டினா வாட்டில டொக்டர் எடுப்பிப்பார், அந்த ரத்தம் ஆருக்கும் போறதில்ல.

கடைசியா, விட்ட பிறகு வாற மனச்சோர்வை லேசா எடுக்காதீங்க. டெஸ்டோஸ்டெரோன் அடியில கிடக்கிற மாசங்களில சாகணும் எண்ட யோசினை கூட வரும், உடம்பு வத்துறதைக் கண்ணாடியில பாக்கப் பாக்கத் திரும்ப ஊசிக்குப் போகச் சொல்லும். ஆளைத் தனிய விடாதீங்க. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், ராவிலயும் எடுக்கலாம்.


கல்லடிப்பாலம் எழுதியது:

4 கிழமைக்குப் பிறகு வாறன். ஓபிடியில காட்டி, அங்கயிருந்து கிளினிக்குக் கடிதம் எடுத்தாச்சு. பாவிச்சது எல்லாம் தாளில எழுதிக் குடுத்தம், பேசுவாங்களோ எண்டு பயந்தான், ஒருத்தரும் பேசல்ல. மார்புக் கட்டிக்கு டொக்டர் குளிசை எழுதத்தான் பாத்தவர், இந்த ரத்தத்தை எடுத்திட்டுத் தொடங்குவம் எண்டார். காலை 8 மணி, வெறும் வயிறு, பயோட்டின் 5 நாள் விட்டு, பாரம் தூக்காம எடுத்தது:

டெஸ்டோஸ்டெரோன் 231, எல்எச் 2.4, எஃப்எஸ்எச் 3.1, எஸ்எச்பிஜி 19, பிசிவி 49, எச்டிஎல் 37. ஏஎஸ்டி, ஏஎல்டி, ஜிஜிடி எல்லாம் எல்லைக்குள்ள. விந்து 1.8 மில்லிலீற்றர், செறிவு 3 மில்லியன், அசைவு 35 வீதம்.

3 மில்லியன் எண்டதைப் பாத்திட்டு ஆள் சாப்பாடும் இல்லாமக் கிடக்கான்.


வாவிக்கரை எழுதியது:

சாப்பிடச் சொல்லுங்கள். இந்தத் தாளில் முக்கியமான நம்பர் 231 அல்ல, 2.4. அதிகாரி விழித்துவிட்டார். பயோட்டின் இல்லாமல் எடுத்ததால் இந்த முறை அதை நம்பலாம். எஸ்எச்பிஜி இன்னும் தாழ்வாக இருப்பதால் மொத்த டெஸ்டோஸ்டெரோனும் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது.

3 மில்லியன் பற்றி: ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் வழியைக் கடக்க மேலும் ஒன்றிரண்டு கிழமை. இன்று போத்தலில் வந்தவை குளிசை முடியும் தறுவாயில் மூளை பூட்டிக் கிடந்த அந்தக் கிழமைகளில் தொடங்கியவை. அந்த நேரத்து விதையைத்தான் இந்த ரிப்போர்ட் காட்டுகிறது. எல்எச் எழும்பிய பிறகு தொடங்கியவை இன்னும் வழியில் இருக்கின்றன.

கிளினிக்கில் வேறு ஏதும் சொல்லாவிட்டால், 3 மாதம் கழித்து இரண்டையும் திரும்ப எடுக்கட்டும். அதே ஆய்வுகூடம், அதே காலை 8 மணி. மெசின் மாறினால் நம்பரும் மாறும். மார்புக்குத் தொடங்கும் மருந்து டெமொக்ஸிஃபென் என்றால், அதுவும் குளோமிஃபீன் போல எல்எச்சைத் தூக்கும் என்பதை ரிப்போர்ட்டில் திகதியோடு குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நம்பரை எல்லோரும் தப்பாக வாசிப்பார்கள்.

போட்டிக்கு ஏறும் எண்ணம் அவருக்கு இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டெக்காவின் எச்சம் சிறுநீரில் ஒரு வருடத்துக்கு மேலும் பிடிபடும். டெமொக்ஸிஃபெனும் தடைப் பட்டியலில் உள்ளதுதான்.


கல்லடிப்பாலம் எழுதியது:

டெமொக்ஸிஃபென்தான் எழுதியிரிக்கு, நாளைக்குத் தொடங்குறான். திகதி குறிச்சிட்டன். போட்டி யோசினை இல்லையாம்.